அக்கா பதில்கள்: மாராபூவில் மழை பெய்தால்

அக்டோபர் நெருங்கினாலே எனக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடும். மற்ற மாதங்களில் மாமியார் தொல்லை, சர்க்கரை வியாதி, பேரப்பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை என்கிற வருத்தம். இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் கிராண் ரெய்டு பற்றித்தான். அதனால் இந்த மாதம் மாமியார்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான எங்கள் ரீயூனியனைத் தெற்கிலிருந்து வடக்காகக் குறுக்கே கடக்கும் மலைப்பாதை ஓட்டம் இது. 1989இல் ஆரம்பித்தது. சுமார் 170 கிலோமீட்டர் தூரம். ஏறுகிற ஏற்றத்தை மட்டும் கூட்டினால் பத்தாயிரம் மீட்டர் வரும். வியாழன் இரவு சென் பியேர் கடற்கரையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கிளம்புவார்கள். ஞாயிறு வரை ஒவ்வொருவராக சென் தெனியில் உள்ள ரெதூத் மைதானத்துக்கு வந்து சேர்ந்துகொண்டிருப்பார்கள். ‘பைத்தியக்காரர்களின் குறுக்குக்கோடு’ என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள், நாம் சொல்லவில்லை. வழியெல்லாம் சூப்பு ஊற்றவும், எண் குறிக்கவும், அழுகிறவரைத் தட்டிக்கொடுக்கவும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெனெவோல்கள், அதாவது சம்பளமில்லாத தொண்டர்கள். அதில் நானும் ஒருத்தி. காரைக்காலில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்து முப்பத்தொரு வருடம். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. பதினோரு அக்டோபர்களாக மாராபூ என்கிற ஒரே இடத்தில் சூப்பு அண்டாவுக்குப் பின்னால் நிற்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 58 வயது, ஓடத் தெரியாது. மகள் சொன்னாள் என்று பெனெவோலாகப் பெயர் கொடுத்தேன். மாராபூவில் போட்டுவிட்டார்கள். அந்த வாரம் மழை வரும் என்கிறார்கள். என்ன உடுத்திக்கொண்டு போக?
*(ஒரு வாசகி, சென்தாந்த்ரே)*

நம் இடத்துக்கு வருகிறீர்கள், வாங்க. மாராபூ என்றதும் ஏதோ பூ என்று தோன்றும். பிரெஞ்சில் அதற்குச் சேற்றுக் குட்டை என்று பொருள். பேருக்கு ஏற்ற ஊர்தான். மாடு மேயும் திறந்தவெளி, சுமார் 1,600 மீட்டர் உயரம், காற்றைத் தடுக்க ஒரு சுவர் கிடையாது.

ஓடி வருகிறவர்களைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுவார்கள். அவர்களுக்காவது ஓடுகிற சூடு உண்டு. நீங்கள் ராத்திரி பதினோரு மணியிலிருந்து மறுநாள் முற்பகல் வரை ஒரே இடத்தில் நிற்கப் போகிறீர்கள். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். சென் பியேரில் வியாழன் சாயங்காலம் விசிறிக்கொண்டு நிற்பவர்கள், ‘மேலே கொஞ்சம் குளிரும்’ என்று ஒரு சால்வையைப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மேலே பத்து டிகிரிக்குக் கீழே இருக்கும், அதில் மழையும் நனைந்த துணியும் சேரும். தண்ணீர் காற்றைப் போல இருபத்தைந்து மடங்கு வேகத்தில் உடம்புச் சூட்டைக் கடத்திவிடும்.

என் முதல் வருடத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பருத்திச் சுடிதார், அதன்மேல் ஒரு ஸ்வெட்டர், கையில் குடை. நர்ஸ் என்கிற திமிர் வேறு. குடை அரை மணி நேரத்தில் மடங்கிப் போயிற்று. விடிகாலை நான்கு மணிக்கு நான் கோப்பை அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற உள்ளூர் கிரெயோல் பெண்மணி என்னையே பார்த்தாள். ‘ஏன் முப்பத்தொன்றுக்கு மேல் எண்ண மாட்டேன் என்கிறாய்?’ என்று கேட்டாள். முப்பத்தொன்று, முப்பத்தொன்று, முப்பத்தொன்று என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குத் தெரியவே இல்லை. அவள்தான் இழுத்துப்போய்க் காரில் உட்கார வைத்து, தன் மகனின் டிரெயினிங் சட்டையைப் போட்டுவிட்டாள். அடுத்தவர் மயங்கினால் ஓடிப்போய்ப் பார்க்கத் தெரிந்த எனக்கு, என் நாக்கு குழறுவது தெரியவில்லை. குளிர் அப்படித்தான், முதலில் புத்தியைத்தான் எடுக்கும்.

ஆகவே, உடம்போடு ஒட்டும் துணி பருத்தியாக இருக்கக் கூடாது. கம்பளியோ விளையாட்டுக்காரர்கள் போடும் பாலியெஸ்டரோ போடுங்கள். மேலே தலைமூடியுடன் முழங்கால் வரை வரும் மழைக்கோட்டு. குடை வீட்டிலேயே இருக்கட்டும். ரப்பர் பூட்ஸ் ஓர் அளவு பெரிதாக, உள்ளே இரண்டு ஜோடி சாக்ஸ். அப்புறம் யாரும் சொல்லித்தராத ஒன்று: மெல்லிய கம்பளிக் கையுறை போட்டு, அதன்மேல் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டுங்கள். சூப்பும் சுடாது, மழையும் ஏறாது. பார்க்க அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை. காய்ந்த உள்ளாடை ஒரு செட் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வையுங்கள். மூன்று மணிக்கு, குளிர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், மாற்றிவிடுங்கள். சேற்றில் நேராக நிற்காமல் காலுக்குக் கீழே ஒரு மரப்பலகையோ, தடித்த அட்டைப்பெட்டியோ போட்டுக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் நிற்கிற ஒருவரைத் துணையாகப் பிடித்துக்கொண்டு, மணிக்கு ஒரு தடவை ஒருவரையொருவர் ஏதாவது கேள்வி கேளுங்கள். நான் வாய்ப்பாடு கேட்பேன்.

கேள்வி: அக்டோபர் புயல் காலமே இல்லையே, அப்புறம் ஏன் இவ்வளவு மழை பயம்? கடற்கரையில் வானம் பளிச்சென்று இருக்கிறதே.
*(ஒரு வாசகர், சென் போல்)*

நீங்கள் இருப்பது மேற்குக் கரை, உங்களுக்கு அப்படித்தான் தெரியும். புயல் காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, அது சரி. ஆனால் தென்கிழக்குக் காற்று வருடம் முழுக்கக் கடல் ஈரத்தைச் சுமந்து வந்து கிழக்கு மலைகளில் மோதுகிறது. மோதி மேலே ஏறினால் குளிரும், குளிர்ந்தால் கொட்டும். மலையைத் தாண்டி உங்கள் பக்கம் வரும்போது காற்றில் ஈரம் மிச்சமில்லை.

இந்தத் தீவின் மழை விளையாட்டு இல்லை. 1966 ஜனவரியில் ஃபோக் ஃபோக் என்கிற இடத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. உலகத்திலேயே அதுதான் சாதனை. சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே அதைவிடக் குறைவு. 2007 பிப்ரவரியில் கொமெர்சோன் எரிமலைவாய்ப் பக்கம் மூன்று நாளில் நான்காயிரம் மில்லிமீட்டரைத் தொடும் அளவுக்குக் கொட்டியது. இரண்டுமே புயல் மழை, அக்டோபரில் அந்த அளவுக்கு வராது. ஆனால் ஆளை வீழ்த்த அவ்வளவு தேவையில்லை. மூடுபனியோடு ஆறு மணி நேரத் தூறலும் காற்றும் போதும்.

கேள்வி: எனக்கு 19 வயது, முதல் வருட பெனெவோல். ஓடி வருகிறவருக்கு ஆபத்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாருமே பேய் மாதிரிதானே இருப்பார்கள்?
*(ஒரு மாணவி, சென் தெனி)*

நல்ல கேள்வி கேட்டாய், தங்கச்சி. உண்மைதான், ஐம்பது கிலோமீட்டர் இருட்டில் வந்தவர்கள் எல்லாரும் பேய்தான்.

‘கொமான் இ லே?’ என்று கேட்காதே. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் இந்தத் தீவில் செத்துக்கொண்டிருப்பவரும் ‘லே லா’, அதாவது ‘இருக்கிறேன்’ என்றுதான் சொல்வார். யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகக் கேள். மாற்றுத்துணிப் பை எங்கே விட்டிருக்கிறீர்கள்? கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், என்ன சாப்பிட்டீர்கள்? பதில் சுற்றி வளைத்து வந்தால் கண்ணைப் பார். இன்னொரு வழி, மழைச்சட்டையின் ஜிப்பை அவரையே மூடச் சொல்வது. கொடுத்து உதவுகிற கையை அந்த நேரத்தில் கட்டிப்போடு. ஜிப்பைப் பிடிக்க முடியாத விரல், அடுத்த ஏற்றத்தில் தலைவிளக்கின் பாட்டரியையும் மாற்றாது.

நடுங்குகிறவர் பரவாயில்லை, உடம்பு இன்னும் போராடுகிறது. நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று அமைதியாகி, ‘நன்றாக இருக்கிறேன், தூங்கட்டுமா’ என்றால் உடனே டாக்டரைக் கூப்பிடு. உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழே போனாலே ஆபத்து ஆரம்பம். அதற்கும் கீழே சில டிகிரி போனால் நடுக்கமும் நின்றுவிடும்.

டாக்டர் வருவதற்குள் முதல் வேலை நனைந்த துணியைக் கழற்றுவது. வெட்கம் பார்க்க நேரமில்லை, கம்பளியைப் பிடித்து மறைத்துக்கொண்டு கழற்று. எல்லார் பையிலும் கட்டாயமாக ஒரு பளபளப்பான உயிர்காப்புப் போர்வை இருக்கும். ஈரத் துணிக்கு மேலே அதைச் சுற்றிவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அது வெளியே போகும் சூட்டைத் திருப்புமே தவிர, தானாகச் சூடு தராது. துடைத்து, காய்ந்த துணி போட்டு, அதன்மேல் இடைவெளி இல்லாமல் சுற்ற வேண்டும். அடியிலும் ஏதாவது விரி. கை காலைத் தேய்க்காதே. கோப்பையைத் தானே பிடித்துக் குடிக்க முடிந்தால் மட்டும் சூடாக, இனிப்பாக ஏதாவது கொடு. ரம் வேண்டவே வேண்டாம். எங்கள் ஊர்க்காரர்கள் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. 2021 மே 22ஆம் தேதி சீனாவின் கான்சு மாகாணத்தில் நூறு கிலோமீட்டர் மலை ஓட்டம் நடந்தது. 172 பேர் கிளம்பினார்கள். மேலே போனபோது ஆலங்கட்டியும் உறைய வைக்கும் மழையும் சூறைக்காற்றும் பிடித்துக்கொண்டன. 21 பேர் குளிரில் இறந்தார்கள். காற்றுத் தடுக்கும் மேல்சட்டை அங்கே கட்டாயப் பட்டியலில் இல்லை. அந்த மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் தன் குகைக்குள் ஆறு பேரைக் கொண்டுவந்து, தீ மூட்டி, போர்வை போர்த்திக் காப்பாற்றினார். ஒவ்வொரு வருடமும் அண்டாவை அடுப்பில் ஏற்றும்போது எனக்கு அந்த மேய்ப்பரின் ஞாபகம் வரும்.

கேள்வி: வலிக்கு மாத்திரை கேட்டால் கொடுக்கலாமா? என் கைப்பையில் எப்போதும் இருக்கும்.
*(ஒரு வாசகி, லெ போர்)*

கூடாது. முப்பது வருடம் ஊசி போட்ட நானே கொடுக்க மாட்டேன். மணிக்கணக்காக ஓடி, தண்ணீர் வற்றிய உடம்பில் இபுப்ரோஃபென் சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கும். தண்ணீரையும் ‘குடிங்க, குடிங்க’ என்று வற்புறுத்தாதீர்கள். உப்பில்லாமல் வெறும் தண்ணீராகக் குடித்துக் குடித்து, ரத்தத்தில் சோடியம் குறைந்து, விரலெல்லாம் வீங்கிப் புத்தி தடுமாறி வருகிறவர்களும் உண்டு. தாகத்துக்குக் குடிக்கட்டும். உப்புப் போட்ட சூப்பு பக்கத்திலேயே இருக்கிறது.

கேள்வி: நான் கரேம் இருக்கிறேன், கவுச்சி தொட மாட்டேன். அங்கே கோழி சுடுவார்களாமே?
*(ஒரு வாசகி, சென்த் சுசான்)*

விரதத்துக்கு இங்கே கரேம் என்றுதான் பெயர், வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம். சுடுவார்கள், வாசனை ஊரைத் தூக்கும். முதல் நாளே பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். ஆரஞ்சு நறுக்கும் மேசையில் போடுவார், அல்லது தொசார் குறிக்கும் இடத்தில். தொசார் என்றால் நெஞ்சில் குத்தியிருக்கும் எண் அட்டை. யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் கரேம் இருந்திருப்பார்கள். சேமியா சூப்பு சைவம்தானே என்று ஏமாறாதீர்கள், அதில் கோழிச்சாறுக் கட்டி கரைந்திருக்கும்.

உங்களுக்கு நீங்களே ஒரு ஃபிளாஸ்க் நிறைய மிளகு ரசம் கொண்டு போங்கள். ஆனால் ஓடுகிறவர்களுக்கு நீட்ட வேண்டாம். நான் ஒரு வருடம் பாவமாக இருக்கிறதே என்று ஒரு பையனுக்கு ஊற்றிக் கொடுத்தேன். அவன் போகிற வழியில் என்ன சொன்னானோ, அடுத்த அரை மணி நேரத்தில் மூன்று பேர் வந்து ‘அந்தக் காரமான மஞ்சள் சூப்பு எங்கே?’ என்று கேட்டார்கள். பொறுப்பாளர் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். பழக்கமில்லாத வயிற்றில் மிளகு போய், பாதி மலையில் வாந்தி எடுத்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். பிறகு அவரே ஒரு கோப்பை குடித்தார்.

கேள்வி: என் மகன் ஓடுகிறான். அவன் வரும் இடத்திலேயே நானும் பெனெவோலாக நிற்கலாம் என்று ஆசை.
*(ஓர் அம்மா, லெ தம்போன்)*

வேண்டாம் அம்மா. அவன் கடந்துவிட்ட இடத்திலோ, வேறு ஓட்டத்தின் வழியிலோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ‘போதும்டா, வா வீட்டுக்கு’ என்று சொல்லத்தான் உங்களுக்கு வாய் வரும். அப்படிச் சொல்லாத பெற்றவரையும் பார்த்தேன், அது இன்னும் மோசம். உதடு நீலமாக வந்த மகனைப் பார்த்து ஓர் அப்பா, ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டாய், எழுந்திரு’ என்றார். டாக்டர்தான் குறுக்கே நின்றார். மகனைப் பார்க்க வேண்டுமானால் மாராபூவுக்கு அப்புறம் வரும் சிலாவோஸ் ஊர் மைதானத்தில் வேலியோரம் நின்று கை காட்டுங்கள். காய்ந்த சாக்ஸ் கொடுங்கள். அழுவதென்றால் அவன் முதுகு திரும்பிய பிறகு.

கேள்வி: போன வருடம் மாராபூவில் கெடு நேரம் முடிந்து நான்கு நிமிடம் கழித்து ஒருவர் வந்தார். நிறுத்திவிட்டோம். அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். இன்றுவரை எனக்கு மனசு ஆறவில்லை. நான்கு நிமிடம்தானே, விட்டிருக்கலாமோ? அப்படி அழுகிறவரிடம் என்ன சொல்வது?
*(ஓர் இளைஞர், லெ தம்போன்)*

தம்பி, அந்த நான்கு நிமிடத்தை மட்டும் பார்க்காதே. மாராபூவில் ரோடு இருக்கிறது, பஸ் நிற்கிறது. அங்கிருந்து கிளம்பினால் கெர்வெகன் முகடு, அப்புறம் சிலாவோஸ் பள்ளத்துக்குச் செங்குத்தாக இறங்கும் பாதை. ஏணியைப் பிடித்து இறங்குகிற இடங்களும் அதில் உண்டு, மழையில் வேரும் பாறையும் எண்ணெய் தடவியது போல இருக்கும். நடுவில் உட்கார்ந்துவிட்டால் வண்டி வர வழியில்லை. ஹெலிகாப்டர்தான் வர வேண்டும், மூடுபனியில் அதுவும் பறக்காது. சிலாவோஸைத் தாண்டித் தைபி கணவாய் ஏறினால் மஃபாத். அங்கே ஊருக்கே ரோடு கிடையாது, சிமெண்டு மூட்டையே வானத்தில்தான் வருகிறது. கடைசி ஆளாகப் போகிறவருக்குப் பின்னால் பாதையை மூடுகிற குழுவைத் தவிர யாரும் வரமாட்டார்கள்.

அந்தக் கோடு எங்காவது ஒரு நிமிடத்தில் விழத்தான் வேண்டும். நான்கை விட்டால் ஒன்பது கேட்கும்.

என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறாய். ‘அடுத்த வருடம் பார்க்கலாம்’ என்று மட்டும் சொல்லாதே, அந்த நேரத்தில் அது எரிச்சலைத்தான் தரும். நான் ஒன்றும் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காலணியின் கயிற்றை அவிழ்த்துவிடுவேன். சேறு இறுகி முடிச்சு வராது, ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் அழுகை அடங்கி, ‘எங்கே பஸ்?’ என்று கேட்பார்கள்.

கேள்வி: இவ்வளவு கஷ்டப்பட்டு ஓடினால் என்ன பரிசு கிடைக்கும்?
*(ஒரு வாசகர், சென்னை)*

ஒரு பதக்கம், ஒரு மஞ்சள் சட்டை. சட்டையில் ‘நான் பிழைத்துவிட்டேன்’ என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும். அதைத் திங்கள்கிழமை ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு, படியில் பின்பக்கமாக இறங்குவார்கள். 2018இல் முதலிடத்துக்கு வந்த இரண்டு பேர் போட்டி போடாமல் கையைக் கோத்துக்கொண்டே கோட்டைத் தாண்டினார்கள். எங்கள் வீட்டுக்காரர் அதை டிவியில் பார்த்துவிட்டு, ‘அப்போ ராத்திரி முழுக்க எதுக்கு ஓடினாங்க?’ என்று கேட்டார்.

கேள்வி: தீமிதி மாதிரியான வேண்டுதல் என்று இதைச் சொல்லலாமா?
*(அதே வாசகர்)*

ஓடுகிற மல்பார், அதாவது இங்குள்ள தமிழ் வம்சாவளிப் பையன்கள் சிலர் அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. தீமிதியில் பதினெட்டு நாள் விரதமிருந்து, சில நொடியில் கடந்துவிடுகிறோம். இங்கே விரதமும் இல்லை, சீக்கிரத்தில் முடிவதும் இல்லை. ஒரே ஒற்றுமை, இரண்டிலும் பாதத்தை யாருக்கும் காட்ட மாட்டார்கள்.

கேள்வி: எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வீர்கள், அக்கா?
*(ஒரு மாணவி, சென் பியேர்)*

முதலில் வண்டி ஓட்ட மாட்டேன். ராத்திரி முழுக்க விழித்தவர் அந்த வளைவுகளில் ஓட்டக் கூடாது, ஓய்வாக இருந்த யாரையாவது வரச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்காரர் மாராபூவுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து நிற்பார், ஒரு சொல் பேசாமல் ஹீட்டரைப் போடுவார். வீட்டில் பிரேத் முரூங் கொதித்துக்கொண்டிருக்கும். நம் முருங்கைக் கீரைதான், நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக இங்கே கிரெயோல் நாக்கில் அப்படி ஆகிவிட்டது. சோற்றில் ஊற்றிக் குடித்துவிட்டுத் தூங்குவேன். சனிக்கிழமை எழுந்து, ரெதூத்தில் இன்னும் யார் யார் வருகிறார்கள் என்று போனில் பார்ப்பேன். என் மேசையில் ஜிப்பை மூட முடியாமல் நின்ற எண்கள் சிலவற்றைக் கையில் எழுதி வைத்திருப்பேன், அவற்றை மட்டும் தேடுவேன்.

அப்புறம் பூட்ஸ். சேற்றைக் காயவிட்டு, தட்டி உதிர்த்துவிட்டுக் கழுவுங்கள். வெயிலில் வைத்தால் ரப்பர் வெடிக்கும். உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து நிழலில் வையுங்கள், தாளை ராத்திரி ஒரு தடவை மாற்ற வேண்டும்.